‘ஓடுபாதையில் நிற்கிறோம் போல’: டெட்ராய்ட் 1990, ஒரு நிகழ்வு ஆய்வு

1990 டிசம்பர் 3. அமெரிக்காவின் டெட்ராய்ட் விமான நிலையத்தில் பிற்பகல் ஒன்றே முக்கால் மணி இருக்கும். பட்டப்பகல்தான், ஆனால் மூடுபனி தரையோடு தரையாகப் படுத்திருந்தது. நோர்த்வெஸ்ட் நிறுவனத்தின் டிசி-9 விமானம் ஒன்று, இலக்கம் 1482, பிட்ஸ்பர்க் போவதற்காக 40 பயணிகளோடும் 4 பணியாளர்களோடும் நகரத் தொடங்கியது. அதே நிறுவனத்தின் போயிங் 727, இலக்கம் 299, மெம்பிஸ் போவதற்காக 154 பேரோடு ஓடுபாதை முனைக்குப் போய்க்கொண்டிருந்தது. அன்று இரண்டுமே தரையை விட்டு எழும்பவில்லை.

டிசி-9க்குக் கொடுக்கப்பட்ட வழி ஒன்றும் நீளமானதல்ல. ‘ஒஸ்கார் 6’ என்ற இடத்தில் திரும்ப வேண்டும். பனிமூட்டத்தில் அந்தத் திருப்பத்தைத் தவறவிட்டு, வெளிப்பக்கமாக ஓடும் இன்னொரு டாக்ஸி பாதைக்குள் (விமானங்கள் ஓடுபாதைக்குப் போய்வரத் தரையில் நகரும் வழி) போய்விட்டார்கள். தரைப் போக்குவரத்தைக் கவனிக்கும் கட்டுப்பாட்டாளர் அதைச் சரிசெய்ய, ‘எக்ஸ்ரே’ என்ற பாதைக்கு வலப்பக்கம் திரும்பச் சொன்னார். அவர்களும் வலப்பக்கம் திரும்பினார்கள். ஆனால் திரும்பி ஏறியது எக்ஸ்ரேயில் அல்ல, விமானங்கள் எழும்பிக்கொண்டிருந்த ஓடுபாதை 03 சென்டரில்.

ஓடுபாதைக்கு இலக்கம் வைக்கும் முறையை இந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன், பிறகு தேவைப்படும். 03 என்றால் அந்தப் பக்கமாக ஓடும்போது திசைகாட்டி ஏறத்தாழ 30 பாகை காட்டும். எதிர்முனையிலிருந்து பார்த்தால் 210 பாகை, ஆகவே 21. ஒரே தார்ப்பட்டைக்கு இரண்டு பெயர். சென்டர் என்றால் பக்கம் பக்கமாக ஓடுபவற்றில் நடுவில் உள்ளது. டிசி-9 விமானிகள் தாங்கள் ‘21 சென்டரில்’ நிற்பதாகச் சொன்னதும், 727 ‘03 சென்டரில்’ ஓடத் தொடங்கியதும் ஒரே இடத்தில்தான்.

தாங்கள் ஓடுபாதைக்குள் வந்துவிட்டோம் என்று உணர்ந்ததும் கட்டுப்பாட்டுக் கோபுரத்தைக் கூப்பிட்டார்கள். 21 சென்டரில் நிற்கிறீர்களா என்று கட்டுப்பாட்டாளர் திருப்பிக் கேட்டபோது, அப்படித்தான் நினைக்கிறோம், ஆனால் நிச்சயமில்லை என்ற கருத்தில் பதில் போனது. உடனே வெளியேறுங்கள் என்று உத்தரவு வந்தது. அடுத்த சில விநாடிகளில் பனிக்குள்ளிருந்து 727 வெளிப்பட்டது. அதன் வலது இறக்கை டிசி-9இன் வலப்பக்கத்தை, ஜன்னல் வரிசைக்குச் சற்றுக் கீழே, முன்னிருந்து பின்வரை கீறிக்கொண்டு போய்ப் பின் எஞ்சின் ஒன்றையும் பிய்த்தது. 727 புறப்பாட்டைக் கைவிட்டு நின்றது, அதில் ஒருவருக்கும் காயமில்லை. டிசி-9 தீப்பற்றி எரிந்தது. 8 பேர் இறந்தார்கள்.

தப்பியவர்களின் கணக்கு: இறக்கைக்கு மேலுள்ள இடப்பக்க வழியால் 18 பேர், முன் இடக்கதவால் 13 பேர், வலப்பக்கச் சேவைக் கதவால் குதித்து 4 பேர், விமானி அறை ஜன்னலால் கப்டன். அந்த 8 பேரில் இருவரைப் பற்றி நான் இன்றும் நினைப்பதுண்டு. டிசி-9இன் வால் நுனியில் ஒரு கூம்பு இருக்கிறது. உள்ளே ஒரு பிடியை இழுத்தால் அந்தக் கூம்பு கழன்று கீழே விழும், பின்பக்கமாக வெளியேறலாம். விமானப் பணிப்பெண் ஒருவரும் பயணி ஒருவரும் அதுவரை போய்ச் சேர்ந்தார்கள். அந்தப் பொறி வேலை செய்யவில்லை. அங்கேயே புகையில் மூச்சடைத்து இறந்தார்கள். பொறியைப் பராமரிக்க வேண்டியவர் தன் வேலையைச் சரியாகப் பார்த்திருந்தால் கூம்பு கழன்றிருக்கும். விமானப் பராமரிப்புப் படிக்கப் போகும் என் பிள்ளைகளுக்கு இந்தப் பந்தியை இரண்டு தடவை வாசித்துக் காட்டுவேன்.

என் பிள்ளைகள் என்றால், கிளிநொச்சியில் சனி ஞாயிறுகளில் என்னிடம் வருகிறவர்கள். நான் பதினொரு வருடம் ஒரு குளிர் நாட்டு விமான நிலையத்தில் தரைப்பணியில் இருந்துவிட்டு ஊர் திரும்பியவன். வளைகுடாவுக்கோ கனடாவுக்கோ விமான நிலைய வேலைக்குப் போக நினைக்கும் பத்துப் பன்னிரண்டு பேருக்கு ஆங்கிலமும் தொழிலின் அடிப்படையும் சொல்லிக் கொடுக்கிறேன். ஸ்நோவைப் படத்தில் மட்டும் பார்த்தவர்களுக்கு அதில் விமானம் நகர்த்துவதைப் பற்றி எப்படிச் சொல்வது என்று யோசித்தபோது, தை மாதம் வந்தது. வன்னிக்கு ஸ்நோ இல்லாவிட்டாலும் தைப்பனி இருக்கிறது. விடிய ஐந்தரைக்கு இரணைமடுப் பக்கம் போய்ப் பாருங்கள், வயலும் வாய்க்காலும் ஒன்றாகிக் கிடக்கும். ஏ9 வீதியில் முன்னால் போகும் உழவு இயந்திரப் பெட்டியின் பின்விளக்கு எரியாவிட்டால், மோதுவதற்குப் பத்து முழம் முன்னால்தான் தெரியும்.

அது பள்ளிக்கூடங்களில் இல்ல விளையாட்டுப் போட்டிக் காலமும்தான். மைதானத்தில் கோடு போடுகிற சுண்ணாம்புத் தூள் ஒரு வாளி வாங்கி, முதல்நாள் பின்னேரம் டெட்ராய்டின் அந்த மூலையைத் தரையில் வரைந்தோம். உள்பாதை, வெளிப்பாதை, ஒஸ்கார் 6, எக்ஸ்ரே, நடுவில் அகலமாக ஓடுபாதை. ஓடுபாதைக்கு முன்னால் நிற்க வேண்டிய கோட்டையும் முறைப்படி போட்டோம்: நான்கு மஞ்சள் கோடுகள், நம் பக்கம் இரண்டும் முழுக்கோடு, ஓடுபாதைப் பக்கம் இரண்டும் விட்டுவிட்டு. முழுக்கோட்டுப் பக்கத்திலிருந்து வருகிறவர் அனுமதி இல்லாமல் அதைத் தாண்டவே கூடாது. மஞ்சளுக்கு எங்களிடம் சுண்ணாம்பில் கலந்த கறி மஞ்சள்தான் இருந்தது.

மறுநாள் விடியற்காலை வந்து பார்த்தால், இரவுப் பனித்தண்ணியில் பாதிக்கோடு கரைந்துபோயிருந்தது. பிள்ளைகள் திரும்பவும் போட ஓடினார்கள். வேண்டாம் என்றேன். டெட்ராய்டிலும் தரைக்கோடுகளும் வழிகாட்டிப் பலகைகளும் விளக்குகளும் குறைபாடாக இருந்தன என்று அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை தன் அறிக்கையில் எழுதியிருக்கிறது. அப்படியே இருக்கட்டும்.

பரந்தனிலிருந்து வரும் தம்பி கப்டன். முல்லைத்தீவுப் பக்கத்துப் பிள்ளை துணை விமானி. இன்னொருவன் மைதானத்து மண்டபத்துக்குள், வெளியே பார்க்க முடியாமல் கைபேசியோடு, கட்டுப்பாட்டுக் கோபுரம். பிள்ளையிடம் மட்டும் ஒரு விஷயத்தை இரகசியமாகச் சொன்னேன்: “உமக்கு இந்த மைதானம் நல்லாத் தெரியும் எண்டு தம்பியிட்டச் சொல்லும்.”

காரணம், டெட்ராய்டின் விமானி அறையில் நடந்தது அதுதான். கப்டன் உடல்நலக் குறைவால் பல வருடம் பறக்காமல் இருந்து திரும்பியவர். மேற்பார்வையாளர் இல்லாமல் அவர் பறக்கவிருந்த முதல் பயணம் அது. துணை விமானி இந்த நிலையம் தனக்குப் பழக்கம் என்று சொன்னார், உள்ளதைவிடக் கூட்டியே சொன்னார். கப்டன் நம்பினார். விமானத்தின் சக்கரத்தைத் திருப்புகிறவர் கப்டன், எங்கே திருப்ப வேண்டும் என்று சொல்கிறவர் துணை விமானி என்று ஆகிவிட்டது. பொறுப்பு முழுவதும் தலைகீழாகிப் போனதாகப் பாதுகாப்புச் சபை எழுதியது. சந்தேகம் வந்த நேரத்தில் நின்று, எங்கே இருக்கிறோம் என்று தெரியவில்லை என்று காலத்தோடு சொல்லாததே மூல காரணம் என்றும் எழுதியது.

இந்த முடிவை விமானிகளின் தலையில் மட்டும் போட்டுவிட்டுப் போவது நியாயமாகாது. கட்டுப்பாட்டாளர் கொடுத்த வழிகாட்டல் குழப்பமாக இருந்தது. பார்வை குறைந்த நேரத்தில் ஒவ்வொரு திருப்பமாகச் சொல்லி அழைத்துப்போகும் முறை ஒன்று உண்டு, அதைப் பயன்படுத்தவில்லை. ஒரு விமானம் வழிதவறியிருக்கிறது என்ற செய்தி, 727க்கு அனுமதி கொடுக்கும் பக்கத்து மேசைக்கு உரிய நேரத்தில் போகவில்லை. விமானிகளுக்கு ஒருவரோடொருவர் சேர்ந்து வேலை செய்யும் பயிற்சியை நிறுவனம் போதியளவு கொடுக்கவில்லை. இத்தனையும் அதே அறிக்கையில் இருக்கிறது.

சரி, மைதானத்துக்கு வருவோம். முப்பது அடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. இருவரும் ஒஸ்கார் 6ஐத் தாண்டிப் போவதை நான் பின்னால் நடந்து பார்த்துக்கொண்டிருந்தேன். தம்பி ஒருமுறை நின்று கையிலிருந்த வரைபடத்தைப் பார்த்தான், பிறகு பிள்ளையைப் பார்த்தான். “இஞ்சால தான்” என்றாள் அவள். நடந்தார்கள். அவனுடைய நடை மெதுவாகிக்கொண்டே போனது, ஆனால் நிற்கவில்லை. என் கைக்கடிகாரப்படி, அவன் முதல்முறை வரைபடத்தைப் பார்த்ததிலிருந்து கைபேசியில் “சேர், நாங்கள் எங்க நிக்கிறம் எண்டு தெரியேல்ல” என்று சொன்னதுவரை இரண்டு நிமிடம் நாற்பது விநாடி. அவன் அதைச் சொன்னபோது கால் இரண்டும் ஓடுபாதையின் நடுக்கோட்டில் இருந்தன. கரைந்த மஞ்சள் கோட்டைத் தாண்டியது இருவருக்குமே தெரியாது.

ஏன் முதலே சொல்லவில்லை என்று கேட்டேன். “அவ தெரியும் எண்டு சொன்னவ, சேர். பிறகு கேட்டா மரியாதையாயிருக்காது எண்டு நினைச்சன்.” பிள்ளையிடம் கேட்டேன். தெரியும் என்று சொல்லிவிட்டதால் தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை என்றாள். நான் அவளை அப்படிச் சொல்ல வைத்ததே ஒரு சின்னப் பொய். அதைக் காப்பாற்ற அவள் பட்ட பாடு எனக்கே மனதுக்குக் கஷ்டமாக இருந்தது.

அந்த வெட்கம் எனக்குப் புதிதல்ல. நான் வேலை செய்த இடத்தில் ஒரு பெப்ரவரி இரவு, பயணப் பொதிகள் இழுக்கும் டிராக்டரோடு போய்க்கொண்டிருந்தேன். ஸ்நோ மேலிருந்து விழவில்லை, காற்றில் பக்கவாட்டாகப் பறந்தது. தரையில் இருந்த எல்லாக் கோடும் வெள்ளைக்குள் போய்விட்டது. ஓரத்து விளக்குகளைச் சுற்றி ஸ்நோ குவிந்து, வெளிச்சம் பாதி நிலத்துக்குள் புதைந்ததுபோல இருந்தது. திரும்ப வேண்டிய இடத்தைத் தாண்டிவிட்டேன் என்று எனக்கு ஒரு எண்ணம் வந்தது. நடுத்தெருவில் நின்று ரேடியோவில் கேட்டால் மேற்பார்வையாளர் என்ன நினைப்பார் என்ற எண்ணமும் கூடவே வந்தது. இன்னும் கொஞ்சம் போனால் ஏதாவது தெரியும் என்று போனேன். தெரிந்தது நீல விளக்கு. நீல விளக்கு டாக்ஸி பாதையின் ஓரம். அங்கே என் டிராக்டருக்கு வேலையே இல்லை. அப்போதுதான் நிறுத்திவிட்டுக் கூப்பிட்டேன். மஞ்சள் விளக்குப் பூட்டிய வாகனமொன்று வந்து என்னை அழைத்துப் போனது. யாருக்கும் ஒன்றும் நடக்கவில்லை. 2014 ஒக்டோபர் 20 இரவு மொஸ்கோவின் வினுகோவோ விமான நிலையத்தில் ஸ்நோ அகற்றும் வாகனம் ஒன்று ஓடுபாதைக்குள் போய், எழும்பிக்கொண்டிருந்த சிறிய ஜெட் ஒன்று அதில் மோதி, ஜெட்டில் இருந்த நான்கு பேரும் இறந்தார்கள் என்ற செய்தியைப் படித்த அன்று, எனக்கு அந்த நீல விளக்குத்தான் கண்ணில் நின்றது.

டெட்ராய்டில் அன்று பனிமூட்டம். ஸ்நோவும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதைப் பிள்ளைகளுக்கு இப்படிச் சொன்னேன். பனிமூட்டம் கோட்டை மறைக்கும், அது நகர்ந்தால் கோடு திரும்பத் தெரியும். ஸ்நோ கோட்டின் மேலேயே ஏறி உட்காரும். பலகைகளின் முகத்தில் ஒட்டும். அப்புறம் பிடிப்பு. நம் ஊரில் மாரி மழையில் களிமண் ஒழுங்கையில் லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் ஓட்டியவர்களுக்கு இது புரியும்: கைபிடி திரும்பும், வண்டி நேரே போகும். விமானத்தின் முன்சக்கரமும் அப்படித்தான் வழுக்கும். திருப்பத்தில் ஆள் ஓடுகிற வேகம்கூட அதிகம், அதற்கு முதலே வேகத்தைக் குறைத்திருக்க வேண்டும். தரையில் வண்ணம் பூசிய இடங்கள் தாரைவிட மோசமாக வழுக்கும். சக்கரம் வாரியடிக்கும் குழைந்த ஸ்நோ இறக்கையின் பின்மடிப்புகளில் ஒட்டும் என்பதால், அப்படியான தரையில் அவற்றை மடித்தே வைத்துக்கொண்டு போய், புறப்படுவதற்குச் சற்று முன்தான் விரிப்பது வழக்கம்.

முன்னால் போகும் விமானத்துக்கு எவ்வளவு தூரம் விட வேண்டும் என்பது இன்னொரு விஷயம். 1982 ஜனவரி 13 அன்று வாஷிங்டனில் ஸ்நோ கொட்டிக்கொண்டிருந்தது. ஏர் புளோரிடா நிறுவனத்தின் போயிங் 737, இலக்கம் 90, வரிசையில் காத்துக்கொண்டு நின்றது. உறைபனி நீக்கும் திரவம் தெளித்து முக்கால் மணி நேரத்துக்கு மேலாகிவிட்டது. முன்னால் நின்ற விமானத்தின் எஞ்சின் சூட்டில் இறக்கையில் படிந்த ஸ்நோ உருகட்டும் என்று விமானிகள் அதன் பின்னால் நெருங்கிப் போனார்கள். உருகியது உண்மை, ஆனால் உருகிய தண்ணீர் இறக்கையின் முன்விளிம்பில் திரும்ப ஐஸாக உறைந்தது. எஞ்சினுக்கான உறைபனித் தடுப்பையும் அவர்கள் போடவில்லை. அதனால் எஞ்சினின் வலுவைக் காட்டும் மானி கூட்டிக் காட்டியது. போதிய வலு இல்லாமல் எழும்பிய விமானம் பொட்டோமாக் ஆற்றுப் பாலத்தில் மோதி ஆற்றுக்குள் விழுந்தது. விமானத்தில் இருந்த 79 பேரில் 74 பேரும் பாலத்தில் 4 பேரும் இறந்தார்கள். அது வானத்தில் நடந்த விபத்து என்று சொல்வார்கள். என்னைக் கேட்டால், தரையில் காத்திருந்த அந்த முக்கால் மணியிலேயே விபத்தில் பாதி நடந்து முடிந்துவிட்டது.

திசைகாட்டி பற்றி மேலே சொன்னதுக்கு இப்போது வருகிறேன். 1983 டிசம்பர் 23, அலாஸ்காவின் ஆங்கரேஜ். கொரிய நிறுவனமொன்றின் டிசி-10 சரக்கு விமானம் பனிமூட்டத்தில் வழிதவறி, 32 என்ற ஓடுபாதைக்குப் பதிலாக 24 வலது என்ற ஓடுபாதையில் ஏறி, அங்கிருந்தே புறப்பட ஓடியது. எதிரே நின்ற சிறிய பைப்பர் விமானத்தில் மோதியது. ஒருவரும் சாகவில்லை, அது பெரிய அதிசயம். விமானிகளுக்குத் தாங்கள் நிற்கும் இடம் பற்றிச் சந்தேகம் இருந்தது. முன்னால் இருந்த திசைகாட்டியில் 320க்கும் 240க்கும் 80 பாகை வித்தியாசம் காட்டியிருக்கும். பார்க்கவில்லை.

டெட்ராய்டுக்குப் பிறகு எவ்வளவோ மாறியிருக்கிறது. சிவப்புப் பலகையில் வெள்ளை எழுத்து என்றால் ஓடுபாதை வாசல், கறுப்பில் மஞ்சள் என்றால் நீ நிற்கும் இடம், மஞ்சளில் கறுப்பு என்றால் போகும் வழி. இது இன்று உலகம் முழுக்க ஒரே மொழி. ஓடுபாதை வாசலில் தரைக்குள் பதித்த சிவப்பு விளக்கு வரிசை எரிந்துகொண்டிருக்கும்வரை கோபுரம் அனுமதித்தாலும் தாண்டக் கூடாது. அமெரிக்காவில் முன்பு ஒரு ஓடுபாதைக்குப் போகச் சொன்னால் வழியில் உள்ள மற்ற ஓடுபாதைகளைக் கடக்கவும் அதிலேயே அனுமதி அடங்கியிருந்தது. 2010 ஜூனிலிருந்து ஒவ்வொரு ஓடுபாதையையும் கடக்கத் தனித்தனியாக அனுமதி வேண்டும். நம் பக்கத்தில் காவலாளி இல்லாத புகையிரதக் கடவைகளில் எத்தனை குடும்பங்கள் அழுதிருக்கின்றன என்று தெரிந்தவர்களுக்கு இந்த விதியின் பெறுமதியை விளக்கத் தேவையில்லை.

ஆனாலும் 2001 ஒக்டோபர் 8 அன்று மிலானின் லினாத்தே நிலையத்தில் திரும்ப நடந்தது, இன்னும் மோசமாக. மூடுபனி. தரை ரேடார் பாவனையில் இல்லை. சிறிய செஸ்னா ஜெட் ஒன்றை ஆர்5 பாதையால் போகச் சொன்னார்கள், அது ஆர்6இல் போய்விட்டது. போகும் வழியில் அதன் விமானி தரையில் கண்ட ‘எஸ்4’ என்ற குறியைக் கோபுரத்துக்குச் சொன்னார். அப்படி ஒரு குறி இருப்பதே கட்டுப்பாட்டாளருக்குத் தெரியாது, வரைபடத்திலும் இல்லை. அவர் கேள்வி கேட்கவில்லை, மேலே போக விட்டுவிட்டார். எழும்பிக்கொண்டிருந்த எம்டி-87 மோதி, பொதிக் கட்டடத்துக்குள் பாய்ந்தது. 118 பேர். டெட்ராய்டில் தெரியவில்லை என்று சொல்லத் தயங்கியவர் விமானத்தை ஓட்டும் ஆள். லினாத்தேயில் விளங்கவில்லை என்று சொல்ல வேண்டியவர் கோபுரத்தில் இருந்த ஆள்.

இதைச் சொன்னதும் மண்டபத்துக்குள் கோபுரமாக இருந்த பையன் கேட்டான்: “அப்ப நானும் கேக்கலாமா, சேர்?” கேட்கலாம் இல்லை, கேட்க வேண்டும் என்றேன்.

ஏழு மணியாகியும் பனி விலகவில்லை, ஆகவே இரண்டாவது தடவை ஓடிப் பார்த்தோம். கோட்டைத் திருத்தவில்லை. ஆட்களையும் மாற்றவில்லை. பிள்ளையின் கையில் கைபேசித் திசைகாட்டி மட்டும் கூடுதலாக. மைதானத்தின் ஓடுபாதை வடகிழக்குப் பக்கமாகப் போகும்படி போட்டிருந்தோம்.

இம்முறை ஒஸ்கார் 6க்குக் கிட்ட, போன தடவை தாண்டிப்போன அதே இடத்தில், தம்பி வரைபடத்தைப் பார்த்தான். பிள்ளை திசைகாட்டியைப் பார்த்தாள். “நில்லும்” என்றாள். நின்றார்கள். கைபேசியை எடுத்து, தங்களுக்கு இடம் தெரியவில்லை, நிற்கிறோம் என்று தம்பி சொன்னான். உள்ளேயிருந்து பையன், கடைசியாக என்ன பார்த்தீர்கள் என்று கேட்டான். ஒரு முழுக்கோடு, அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை என்றான் தம்பி. அசைய வேண்டாம், எல்லாரையும் நிறுத்தியிருக்கிறேன் என்றான் அவன். நிறுத்த அங்கே வேறு ஒருவரும் இல்லை, ஆனாலும் அதைச் சொன்னான்.

நான் ரோர்ச் லைட்டோடு நடந்துபோய் அவர்களை அழைத்துவர நான்கு நிமிடம் பிடித்தது. அதுவரை இருவரும் பனிக்குள் அசையாமல் நின்றார்கள். பிள்ளையின் பாட்டா முன்நுனிக்கும் கரைந்துபோன முதல் மஞ்சள் கோட்டுக்கும் இடையில் மூன்று காலடித் தூரம் இருந்தது. தம்பி குந்தி இருந்து அதை அளந்தான்.